உப்பளத்தோட்டத்து உறவுமானி

வாரியத்து ஆட்கள் கதவுக்குக் கதவு வில்லை ஒட்டிக்கொண்டு வந்த அன்று, தாவீது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பார்க்க ஒன்றுமில்லை. கமர்கட் அளவுக்கு, சாம்பல் நிறத்தில், நிலைக்கட்டையின் மேல் மூலையில் ஒரு வட்டம். அவ்வளவுதான். ஆனால் உப்பளத்தோட்டத்தில் யார் இருப்பது, யார் மூட்டை கட்டுவது என்பதை அந்தக் கமர்கட்தான் முடிவு செய்யப் போகிறது என்றால் எவருக்குத்தான் உள்ளே போய் உட்காரத் தோன்றும்? ஒட்டியவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் தாவீது அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

உப்பளத்தோட்டம் வட சென்னையில் ரயில் பாதைக்கும் துறைமுகச் சாலைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கும் வாரியக் குடியிருப்பு. கூரையில் கம்பி பல்லைக் காட்டும், மாடிப்படியில் விளக்கு எரியாது, ஆனால் வீட்டுக்கு ஒரு கால்பந்துக்காரர் நிச்சயம். நடுவில் கிடந்த மண் மைதானத்தைத்தான் இப்போது பெரிய அரங்கமாகக் கட்டுகிறார்கள். சுற்றிலும் ஓட்டல், கடைகள், மெட்ரோ நிலையம் எல்லாம் வரப்போவதால் பழைய கட்டடங்கள் இடிபடும். அரங்கத்தை ஒட்டி ஒரு டவர் எழும்பி நின்றது. அதில் மூன்றில் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே, வடக்கே ஏரியூரிலோ தெற்கே செங்காட்டிலோ வீடு. பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுகிற தூரம்.

யாருக்கு எது என்று குலுக்கிப் போடப் போவதில்லை என்றாள் சுபாஷிணி. வாரியத்தின் சார்பில் இந்த ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் இளம் அதிகாரி. சமூகக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, தானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள்.

“முன்னாடி இப்படி மாத்தின இடங்கள்ல வீடு நல்ல வீடுதான். ஆனா நிறைய பெரியவங்க சீக்கிரமே படுத்துட்டாங்க. காலைல எழுந்தா ‘என்னக்கா, காபி ஆச்சா’ன்னு கேக்க ஆள் இல்ல, அதான் காரணம். அதனால இந்தத் தடவை யாருக்கு யாரு ஒட்டுன்னு இந்த உறவுமானி அளக்கும். ரொம்ப ஒட்டா இருக்கற ஜோடிகளுக்கு இங்கயே டவர்ல எதிரெதிர் வீடு.”

“அப்போ வூட்ல பேசுறதெல்லாம் அது ஒட்டுக் கேட்டுகினே இருக்குமா?” என்று பீடாக்கடை சுல்தான் எழுந்தார்.

“என்ன பேசறீங்கன்னு அதுக்குத் தெரியாது. தெரியக்கூடாதுன்னே சட்டம். யார் காலடி எந்த வாசலுக்கு வருது, யார் குரலுக்கு யார் குரல் பதில் சொல்லுது, அது மட்டும்தான்.”

மறுநாள் விடிந்ததும் உப்பளத்தோட்டத்தில் பாசம் பொங்கி வழிந்தது. ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுக்க மூக்கால் அழுதவர்கள், குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார்கள். கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று, “அப்புறம்?” “அப்புறம் நீதான் சொல்லணும்” என்று அரை மணி நேரம் ஓட்டினார்கள். அந்த வில்லைக்கு ஜனங்கள் மீட்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். “மீட்டர் ஏறிச்சா?” என்பதுதான் தோட்டத்தில் குசலம் விசாரிக்கும் முறை.

தாவீதுக்கு மட்டும் மீட்டர் ஏற்ற வழி தெரியவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாளெல்லாம் ஆகாசத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்குத் தரையில் இறங்கினாலும் பேச்சு வராது. மனைவி எஸ்தர் இருந்தவரை வீட்டில் ஆள் வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் போன பிறகு அவரும் மகள் ரூத்தும்தான். ரூத் கோல்கீப்பர். மாநிலப் பெண்கள் அணிக்கான பயிற்சியில் எடுத்திருக்கிறார்கள். தினமும் பொழுது விடியும் முன்பே அரங்கத்துப் பயிற்சி மைதானத்தில் நிற்க வேண்டும். ஏரியூரிலிருந்து முதல் பஸ் கிளம்புவதற்குள் இங்கே பயிற்சி முடிந்து வியர்வையே காய்ந்துவிடும்.

“ப்பா, நீயும் யார் வூட்டுக்காச்சும் போயேன்,” என்றாள் ரூத்.

“போயி?”

“சும்மா குந்திகினு வா.”

“சும்மா குந்த எனுக்கு வராது பாப்பா.”

“அப்ப என் கிளவுஸை வித்துட வேண்டியதுதான்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைத் தாவீதால் தாங்க முடியவில்லை.

அவருக்கு எதிர்வீடு கோதண்டம். ஒரு காலத்தில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தாவீது தோட்டத்து அணியின் முன்கள வீரர், கோதண்டம் ஊரே மதித்த ரெஃப்ரி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இறுதி ஆட்டத்தில், முடிய இருக்கும் நேரத்தில் தாவீது கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் நின்று பந்தை வாங்கியதாகச் சொல்லி, ஆஃப்சைடு என்று விசில் ஊதி அந்தக் கோலைச் செல்லாமல் ஆக்கிவிட்டார் கோதண்டம். தோட்டம் தோற்றது. அன்றோடு பேச்சு அறுந்தது.

பேச்சு அறுந்தது என்றால் ஊமையாகி விட்டார்கள் என்று அர்த்தமில்லை. எல்லாம் ஜாடைதான். படிக்கட்டுப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஒன்று உண்டு. கோதண்டம் அதனிடம் சொல்வார்: “மோட்டாரே, சில பேரு லைன்மேன் தூக்குற கொடியையும் பாக்க மாட்டான், தொட்டி ரொம்பினா உன்னையும் நிறுத்த மாட்டான்.” தாவீது உடனே படியில் படுத்திருக்கும் பூனையைக் கூப்பிடுவார்: “பாத்தியா, உனுக்கு இருட்டுலகூடக் கண்ணு தெரியுது. விசில் வச்சிருந்த ஆளுக்குப் பட்டப்பகல்ல தெரியல.” மோட்டாரும் பூனையும் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கேட்டு அலுத்திருக்கும்.

இதில் ஒரு விசித்திரம். வில்லை ஒட்டிய வாரத்திலிருந்து கோதண்டத்தின் வாய் திடீரென்று நீண்டுவிட்டது. முன்பெல்லாம் நாளைக்கு ஒன்றிரண்டு குத்தல். இப்போது பால் பாக்கெட் எடுக்க வந்தால் ஒன்று, பேப்பருக்கு ஒன்று, செருப்பை உதறினால் ஒன்று. “இந்த ஆளுக்கு என்ன ஆச்சு, பித்தம் ஏறிடுச்சா?” என்று தாவீது யோசித்தார். யோசித்தாரே தவிர, ஒன்றைக்கூடப் பதில் சொல்லாமல் விடவில்லை. ரோஷக்காரர் அல்லவா? கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்து திருப்பிக் கொடுத்தார். குடியிருப்பு முழுக்கக் கொஞ்சிக் குலாவிக்கொண்டிருக்க, அந்த ஒரு மாடியில் மட்டும் சுடச்சுடச் சண்டை.

சண்டையைத் தாண்டித்தான் அலமேலுவும் நூர்ஜஹானும் படி ஏறுவார்கள். இருவரும் விதவைகள், மேல்மாடியில் அடுத்தடுத்த வீடு. மொட்டை மாடிக்குப் போகும் படியில் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கப் பூ கட்டுவார்கள். வாயே திறக்க மாட்டார்கள். ஒருத்தி நாரை நீட்டினால் மற்றவள் பூவை வைப்பாள். யார் வாசலுக்கும் யாரும் போவதில்லை, படிதான் அவர்களுக்கு வீடு. தாவீதும் கோதண்டமும் கத்தும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

முடிவு வந்த அன்று சமூகக்கூடத்துச் சுவர்த்திரையில் பெயர்கள் ஓடின. ரூத்துதான் முதலில் பார்த்தாள். “ப்பா! டவரு! நம்மளுக்கு டவரு!” என்று குதித்தவள், எதிர்வீட்டுப் பெயரைப் படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். தாவீதுக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தும் நம்பிக்கை வரவில்லை. நேராகச் சுபாஷிணியிடம் போனார்.

“எதிர்வூடு கோதண்டம்னு போட்டுக்கீதே, எங்கியோ தப்பு நடந்துக்கீதும்மா.”

“தப்பில்ல சார். இந்தக் குடியிருப்புலயே ஒட்டு அதிகமா இருக்கற ரெண்டு வாசல் உங்களோடதும் அவரோடதும்தான்.”

“எனுக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது!”

“இருக்கே. அவர் குரல் வருது, உடனே உங்க குரல் வருது. புருஷன் பொண்டாட்டிகூட இவ்வளவு வேகமா பதில் சொல்லிக்கறதில்ல.”

“அது மோட்டார்கிட்ட பேசுறது.”

“மோட்டார்கிட்ட பேசினா நீங்க ஏன் பதில் சொல்றீங்க?”

“நான் பூனைகிட்ட சொல்றேன்.”

சுபாஷிணி புரிந்துகொண்டு, மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். “ஜாடையா? அதுக்கு ஜாடை தெரியாது சார்.” சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். “நான் இதை மேல சொன்னா உங்க வீடு போயிடும். சொல்லட்டுமா?”

தாவீது வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினார்.

“ஆனா ரெண்டு பேரும் நேர்ல வந்து, எதிரெதிர்ல இருக்க சம்மதம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் ரெண்டு பேருமே ஏரியூர்.”

கோதண்டத்தின் மகன் ஓசூரில் சொந்த வீடு கட்டி, “வந்துடுங்கப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அந்த மனிதருக்கு டவர் எதற்கு? எதிரியின் மகளுக்காகவா வந்து சம்மதம் சொல்லப் போகிறார்? சாயங்காலம் தாவீது படிக்கட்டுக்கு வந்து நின்றார். நேராகப் போய்க் கதவைத் தட்டலாம். கை எழவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மோட்டாரே,” என்றார், “நாளைக்கி ஆபீசுக்கு ஒரு ஆளு வரலன்னா, ஒரு பொண்ணோட ஆட்டம் அதோட முடிஞ்சிடும். செல்லாம ஆக்க அது என் கோல் இல்ல. அவ ஒரு தப்பும் பண்ணல.”

எதிர்வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்திலேயே முதல் தடவையாக அங்கிருந்து ஒரு பதிலும் வரவில்லை.

மறுநாள் தாவீது போவதற்கு முன்பே கோதண்டம் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சுபாஷிணி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். கோதண்டம் மின்விசிறியைப் பார்த்தார்.

“எதிர்வூட்ல எவன் இருந்தாலும் எனுக்கு ஒண்ணும் இல்ல. சம்மதம்னு எழுதிக்கச் சொல்லு.”

தாவீது மேஜையில் இருந்த பேப்பர்வெயிட்டிடம், “எனுக்கும் சம்மதம்தான். நன்றின்னு நான் சொன்னா கொறைஞ்சா பூடுவேன்?” என்றார்.

சுபாஷிணி திரையைத் திருப்பிப் பார்த்தாள். குரலுக்குக் குரல் வந்துவிட்டது, மீட்டருக்கு அது போதும். பச்சை விளக்கு எரிந்தது.

டவர் நன்றாகத்தான் இருந்தது. திருகினால் தண்ணீர், அமுக்கினால் லிஃப்ட். ஜன்னலைத் திறந்தால் கீழே அரங்கத்துப் பயிற்சி மைதானம். ரூத் பந்துக்குப் பாய்ந்து விழுவதைக் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். தாவீதுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் கோதண்டத்தின் சத்தமே இல்லை. முதலில் கதவுகள் கனம் என்று நினைத்தார். தன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “லிஃப்டே, சில பேரு புது வூட்டுக்கு வந்ததும் பெரிய மனுசனாயிட்டான்,” என்று சொல்லிப் பார்த்தார். பதில் இல்லை. வழியில் பார்த்தாலும் கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு போனார். சண்டைக்காரர் சண்டை போடாவிட்டால் தூக்கம் வருமா? என்னவாக இருக்கும், உடம்புக்கா, மனசுக்கா என்று தாவீதை அந்தக் கேள்வி அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூத் செங்காட்டுக்குப் போய் வந்தாள். “நூர்ஜஹான் அம்மா பூவே கட்டறதில்லப்பா,” என்றாள். “எதிர்ல ஆள் இல்லாம கை ஓடலயாம். அலமேலு அம்மா ஏரியூர்ல படுத்துகினே கீறாங்களாம். மீட்டர்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னு வந்துச்சாம்.”

அந்த வாரமே சுபாஷிணி டவருக்கு வந்தாள். வீடு வீடாகக் குறை கேட்கிற வேலை. தாவீது டீ போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு அந்தப் பூக்காரிகளைப் பற்றிக் கேட்டார்.

“எனக்கும் தெரியும் சார். மௌனத்தை அதுக்கு அளக்கத் தெரியல. ஆனா நானா எதையும் மாத்த முடியாது. மீட்டர் தப்பா அளந்துச்சுன்னு அதுல சம்பந்தப்பட்ட யாராவது வந்து சாட்சி சொன்னாத்தான் திரும்ப அளப்பாங்க. அளந்தா மொத்தக் குடியிருப்பையும் அளப்பாங்க.” டம்ளரைக் கீழே வைத்தாள். “அது சரி, எதிர்வீட்டு சார் எப்படி இருக்கார்? வில்லை ஒட்டின மறுநாளே என்கிட்ட வந்தவர் அவர்தான். ‘சண்டை போட்டாலும் மீட்டர் ஏறுமா மேடம்’னு கேட்டார். விளையாட்டுக்குக் கேக்கறார்னு நெனச்சு, ‘அதுக்கு இனிப்பும் காரமும் ஒண்ணுதான் சார்’னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அவள் போன பிறகு தாவீது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பால் பாக்கெட்டுக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று, செருப்புக்கு ஒன்று. ஐயோ, இத்தனை நாள் இது உறைக்காமல் போயிற்றே! எழுந்துபோய் எதிர்க்கதவைத் தட்டினார்.

கோதண்டம் திறந்தார். உள்ளே சாமான் மூட்டைகள் கட்டியது கட்டியபடியே கிடந்தன. ஆணியில் பழைய விசில் தொங்கியது.

“மீட்டர் ஏத்தத்தான் வாய் அவ்ளோ நீண்டுச்சா?” என்று தாவீது சுவரைக் கேட்டார்.

கோதண்டம் காலண்டரிடம் பேசினார். “இந்தத் தோட்டத்துல ஒழுங்கா முட்டி மடக்கி விழத் தெரிஞ்ச ஒரே கீப்பர் அந்தப் புள்ள. அத்த பஸ்ல ஏத்தி அனுப்பச் சொல்றியா?”

“ஊரே பாசத்த நடிச்சிச்சு. சண்டைய நடிச்ச ஆளு ஒருத்தர்தான்.”

“நடிப்பு பாதிதான். மீதி நெசம்.”

தாவீதுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்புறம் ஏன் இங்க வந்து ஊமையாயிட்டாரு?”

“எந்த மூஞ்சிய வச்சிகினு பேசுறது? நாம உள்ள வந்த எடத்துல ரெண்டு பொம்பளைங்க வெளிய பூட்டாங்க. நான் ஓசூருக்குப் பூடறேன், என் வூட்ட அவங்களுக்குக் குடுங்கன்னு சொல்லலாம்னு மூட்டையக்கூடப் பிரிக்கல. ஆனா நான் போனா ஜோடி அறுந்துடும், புள்ளயும் வெளிய பூடும்.” கோதண்டம் ஆணியில் தொங்கிய விசிலைப் பார்த்தார். “ஊர்ல எல்லாரும் அந்த மேட்ச்சுல நான் தப்பா ஊதிட்டேன்னு சொல்றாங்க. அது தப்பில்ல. என் வாழ்க்கையில தப்பா ஊதினது இது ஒண்ணுதான்.”

“சாட்சி சொன்னா திரும்ப அளப்பாங்களாம். அந்த மேடம் சொன்னாங்க.”

“தெரியும். சொன்னா நம்ம ஜாடையும் வெளிய வந்துடும். டவரு போனாலும் போவும்.”

தாவீது ஜன்னலுக்குப் போனார். கீழே சாயங்காலப் பயிற்சியில் ரூத் வலப்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்து, மண்ணில் உருண்டு எழுந்தாள். மார்போடு அணைத்திருந்த பந்தை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தாள். அவளுக்கு என்ன சொல்லப் போகிறோம் என்று தாவீது நினைத்தார். நூர்ஜஹான் பூ கட்டுவதில்லை என்று வந்து சொன்னவளும் அவள்தான். பிறகு திரும்பி, சுவரைப் பார்க்காமல், காலண்டரைப் பார்க்காமல், கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார்.

“யோவ் கோதண்டம். அன்னிக்கி நான் ஆஃப்சைடுலதான்யா நின்னேன்.”

“அதாம்ப்பா ஊதினேன்,” என்றார் கோதண்டம்.

சொல்லிவிட்டு, மூட்டையை அவிழ்த்து, அந்த வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்து உதறினார். தாவீது தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வர எதிரே தன் வீட்டுக்குப் போனார். ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருந்தது.